கல்லூரிப் பிள்ளைகளோடு பழகுவது எப்படி? யாங்கோன் தமிழ்ச் சபை வாலிபர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

சௌக்தான் தங்கை எழுதியது (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதைப் படிக்கிற மற்ற மார்க்கத்து அண்ணன், அக்காமாருக்கும் வணக்கம்.

யாங்கோனில் ஒரு தமிழ்ச் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் பொறுப்பில் இருக்கிறேன். கல்லூரி மாணவர்கள் நடுவில் ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. பெரியவர்கள் சொல்வது இதுதான்: பர்மிய மொழியில் கைப்பிரதி அச்சடித்துக் கல்லூரி வாசல்களில் கொடுக்கலாம், அப்புறம் ஒரு மண்டபம் எடுத்து, பாட்டோடு பெரிய வாலிபர் கூட்டம், கடைசியில் பிரியாணி. இதற்கு முன்னாலும் சபையில் இப்படி ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. மண்டபம் நிறைந்தது, சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் கலைந்து போனார்கள். அன்றைக்கு வந்த வெளிப்பிள்ளைகளில் ஒருவருடைய பெயர்கூட இன்று சபையில் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லேடான் பகுதியில் ஓர் அறைக்கு நாலைந்து பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். பெகு, மோல்மேன், முடோன் என்று ஊரை விட்டு வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் உண்டு, கரேன், சின், கச்சின் இனப் பிள்ளைகளும் உண்டு. சாயங்காலம் கரண்ட் போனால் படிக்க வெளிச்சம் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. டீக்கடையில் ஒரே ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, அங்கே ஜெனரேட்டர் ஓடுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து மேசையில் இருப்பவனும் அதே கல்லூரிதான், ஆனாலும் பேச்சு இல்லை. இவர்கள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் சபைக்குப் பின்கட்டில் ஒரு ஹால் இருக்கிறது. ஞாயிறு பள்ளிக்குத் திறப்போம், மற்ற ஆறு நாளும் பூட்டித்தான் கிடக்கும். சோலாரும் பேட்டரியும் இருக்கின்றன. வாரம் ஒரு நாள், மழையானாலும் பண்டிகையானாலும் மாறாமல் அதைத் திறந்து வைக்கலாம். யார் வந்தாலும் உட்கார்ந்து படிக்கட்டும், சாப்பிடட்டும், பேசட்டும். வருகிறவர் ஆராதனைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவர் நமக்கு நண்பர்தான். விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வோம். கமிட்டியில் இதைச் சொன்னபோது, "இது ஊழியமா, டியூஷன் சென்டரா?" என்று கேட்டார்கள். இந்த மாதிரி செய்து பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மட்டறுத்துநர் எழுதியது:

நல்ல இழை. ஒரே ஒரு வேண்டுகோள். நாட்டு நிலைமை எல்லாருக்கும் தெரியும். சபையின் பெயர், தெரு, கூடும் கிழமை, போன் நம்பர் எதையும் இங்கே போட வேண்டாம். மாணவர்களின் படமும் வேண்டாம். தேவைப்பட்டால் தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

பழைய கமாயுட்காரர் எழுதியது:

மகளே, டியூஷன் சென்டரா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நான் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் படித்தது 1970களில். 1965-இல் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மறு வருஷம் வெளிநாட்டு மிஷனரிகளில் பெரும்பாலோர் ஊரைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. எங்கள் காலத்தில் வளாகத்துக்குள் மிச்சம் இருந்தது அந்த ஜட்சன் சர்ச்சும் அதன் உயரமான கோபுரமும். 1920-இல் பல்கலைக்கழகம் உருவானபோது அதில் சேர்ந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று ஜட்சன் கல்லூரி, பாப்டிஸ்டுகள் நடத்தியது. கல்லூரியின் பெயர் போய்விட்டது, ஆலயம் நின்றது.

என்னை அங்கே முதலில் கூட்டிப்போனவன் ஒரு கரேன் நண்பன். பிரசங்கம் கேட்க இல்லை, பாட்டுப் பயிற்சிக்கு. கரேன் சபைகளில் நாலு குரலாகப் பிரிந்து பாடுவது சின்ன வயசிலேயே வந்துவிடும். நமக்குக் கீர்த்தனையும் தாளமும்தான் பழக்கம். கீழ்க்குரல் எனக்குப் பிடிபடவே இல்லை. அவன் பக்கத்தில் நின்று என் காதில் என் வரியை மட்டும் மெதுவாகப் பாடிக் காட்டுவான். மற்ற மூன்று குரலும் ஓங்கி ஒலிக்கும்போது நான் வழி தவறாமல் இருக்க, மேசையில் விரலால் தட்டுவான். அப்படிப் பழகிய பழக்கம்தான். பரீட்சை நேரத்தில் அவன் கணக்குச் சொல்லிக் கொடுப்பான், என் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் பாதி அவனுக்கு. நாங்கள் பாமாலைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விசுவாசத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசியது வெகு நாள் கழித்து, அவனுடைய அப்பா இறந்த சமயத்தில். நான் அந்தோணியார் கோயில் வளர்ப்பு, அவன் பாப்டிஸ்ட். ஆளுக்கொரு விதமாக ஜெபித்தோம். இன்றைக்கும் நண்பர்கள்தான்.

அந்த ஆலயத்துக்குப் பெயர் கொடுத்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813-இல் ரங்கூனுக்கு வந்தார். முதல் ஞானஸ்நானம் எப்போது தெரியுமா? 1819 ஜூனில், மௌங் நாவ் என்பவருக்கு. நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் பெரும்பாலும் மொழி படிக்கவே போனது. 1819-இல்தான் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகிற பாதை ஓரத்தில் ஒரு ஸயாட் கட்டினார். ஸயாட் என்றால் உனக்குத் தெரியும், வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறுகிற நம்மூர் மண்டபம் மாதிரி. ஆலயம் என்று கட்டினால் பர்மியர் ஏறி வரமாட்டார்கள், ஸயாட்டில் யாரும் கூச்சமில்லாமல் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்தார்கள், பேசினார்கள், வாதம் செய்தார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். மௌங் நாவ் அப்படி வந்து உட்கார்ந்த ஒருவர்தான். உன் பின்கட்டு ஹாலைப் பற்றிக் கமிட்டி கேட்டால் இதைச் சொல்.

இன்செயின் மாணவி எழுதியது:

தாத்தா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நான் இன்செயினில் இறையியல் படிக்கிறேன். எங்கள் அறையில் ஒரு சின் அக்கா, ஒரு கச்சின் தங்கை, ஒரு கரேன் தோழி, தமிழ் நான். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு சபை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லாரும் சேர்ந்து சமைப்போம், பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் யாராவது வருவார்கள். பௌத்தப் பிள்ளைகளும் வருவார்கள். பர்மாவில் கிறிஸ்தவர்கள் 2014 கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 6.2 பேர்தான், நண்பர்கள் என்று பார்த்தால் முக்கால்வாசிப் பேர் பௌத்தர்களாகத்தான் இருப்பார்கள். அது இயற்கை.

நடைமுறையில் நான் பார்த்தது இது. புதிதாக வந்த பிள்ளையை முதல் நாளே நடுவில் உட்காரவைத்து "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. கையில் வெங்காயமும் கத்தியும் கொடுத்தால் தானாகப் பேசும். போன மழைக்காலத்தில் வந்த ஒரு பிள்ளை வெகு நாள் எதுவுமே பேசவில்லை. பூண்டு உரித்துக் கொடுக்கும், சாப்பிடும், பாத்திரம் கழுவும், போய்விடும். ஒரு நாள் நாங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணி முடித்ததும், "உங்களுக்கு வீட்டு ஞாபகம் வரும்போது கடவுளிடம் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டது. மூன்று வருஷம் இறையியல் படித்த எனக்கு அப்படி ஒரு கேள்வியை யாரும் வகுப்பில் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு ஆறிப்போகிற வரைக்கும் பேசினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஹாலில் தமிழிலேயே எல்லாம் நடந்தால் கரேன், சின் பிள்ளைகள் வரமாட்டார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பேச்சு பர்மிய மொழியில் இருக்கட்டும், பாட்டு இரண்டிலும் இருக்கட்டும். அப்புறம், தனியாகத் தொடங்க வேண்டாம் அக்கா. மியான்மர் சபைகள் மன்றத்தின் கீழ் பல்கலைக்கழகக் கிறிஸ்தவப் பணி என்று ஒன்று இருக்கிறது, 1895-இல் சுவீடனில் தொடங்கிய உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லாச் சபைப் பிள்ளைகளும் சேர்ந்து பழகுகிற இடம். அவர்களோடு பேசிப் பாருங்கள்.

மோல்மேன் சாட்சி எழுதியது:

பிரியமானவர்களே, எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எனக்கு ஒரு பாரம் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். சமைக்கலாம், பாடலாம், கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இயேசுவின் பெயரை யார் சொல்வது? நான் கைப்பிரதியால் வந்தவன். ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போனார். அவரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. அந்தக் காகிதம்தான் என் வாழ்க்கையை மாற்றியது. கைப்பிரதியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கேட்கிற வரைக்கும் காத்திருப்போம் என்று சொல்லிக் காத்திருந்தால், கடைசியில் பிள்ளைகள் பட்டமும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

பீலிக்கான் பக்தன் எழுதியது:

நான் இந்து. அம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிக்கிற குடும்பம். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், முதல் வரியில் எங்களுக்கும் வணக்கம் சொல்லியிருந்ததால் எழுதுகிறேன்.

கல்லூரியில் எனக்கு ஒரு கிறிஸ்தவ நண்பன் இருந்தான். திருவிழா நேரத்தில் தண்ணீர்ப் பந்தலில் என்னோடு நின்று வெயிலில் மோர் ஊற்றியவன். கிறிஸ்மஸுக்கு அவன் கூப்பிட்டான், போனேன், சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் எனக்குத் தெரியாத ஒருவர் போன் செய்து, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?" என்றார். அப்புறம் இன்னொருவர். என் நம்பரை அவன்தான் கொடுத்திருக்கிறான். வரவில்லை, விருப்பமில்லை என்று நான் மரியாதையாகத்தான் சொன்னேன். அதற்கு அப்புறம் அவன் கேன்டீனில் என் மேசைக்கு வரவில்லை. கண்ணில் பட்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான்.

மோல்மேன் அண்ணன் சொல்கிறபடி பெயரைச் சொல்லுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் நம்பிக்கையை நீங்கள் சொல்லாமல் யார் சொல்வார்கள்? கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னவனோடும் பிறகு உட்கார்ந்து டீ குடிப்பீர்களா என்பதுதான் என் கேள்வி. நட்பு என்பது தூண்டிலில் மாட்டுகிற புழுவாக இருந்தால், எங்களுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

சௌக்தான் தங்கை எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு மிகவும் நன்றி. படித்துவிட்டு வெகு நேரம் பதில் எழுத வரவில்லை. உங்கள் நண்பர் இதை எப்போதாவது படித்தால் உங்கள் மேசைக்குத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் வாசித்துக் காட்டினேன். மூன்று விஷயத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வருகிறவரின் போன் நம்பரை அவர் சொல்லாமல் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. வருகைப் பதிவேடு வைப்பதில்லை. சபைக்கு வரவில்லை என்று சொன்னவரைத் தேடிப் போய்ப் பேசுகிற முதல் ஆள், அவரைக் கூட்டிவந்த அதே நண்பராக இருக்க வேண்டும், பேசுவது சபையைப் பற்றி இருக்கக் கூடாது.

மோல்மேன் அண்ணனுக்கும் சொல்கிறேன். ரயிலில் உங்களுக்குக் காகிதம் கொடுத்தவரை நான் குறைவாக நினைக்கவில்லை. ரயிலில் அவருக்குக் கிடைத்தது ஒரு ஸ்டேஷன் தூரம், அதற்குள் அவரால் முடிந்ததைச் செய்தார். எங்களுக்கு இந்தப் பிள்ளைகளோடு மூன்று நாலு வருஷம் இருக்கிறது. யோவான் முதல் அதிகாரத்தில் நாத்தான்வேல் சந்தேகப்பட்டபோது பிலிப்பு நீண்ட விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, "வந்து பார்" என்றான். வந்து பார்ப்பதற்கு ஓர் இடமும் அதில் நாலு பேரும் இருக்க வேண்டுமல்லவா? பெயரைச் சொல்ல நாங்கள் வெட்கப்படமாட்டோம். ஹாலில் சிலுவை இருக்கும், சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் இருக்கும், யாரிடமும் எதையும் மறைக்கப் போவதில்லை.

மோல்மேன் சாட்சி எழுதியது:

ஜெபம் இருக்கும் என்று சொன்னது சந்தோஷம். கைப்பிரதி விஷயத்தில் என் மனசு மாறவில்லை. ஆனால் அந்தத் தம்பி எழுதியது என்னையும் தொட்டது. கர்த்தர் உங்களை நடத்துவாராக.

பெகு மாணவன் எழுதியது:

எல்லாரும் லேடான், இன்செயின் என்றே பேசுகிறீர்கள். எங்களை மறந்துவிட்டீர்கள்.

நான் தொலைநிலைக் கல்வி. இந்த நாட்டில் பட்டப்படிப்புப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் எங்களைப் போலத்தான். பகலில் கடையிலோ, லாய்ங்தாயா பக்கம் தையல் ஆலையிலோ வேலை. வருஷம் முழுவதும் புத்தகம் மட்டும்தான் வாத்தியார். பரீட்சைக்கு முன்னால் சில நாள் நேர்முக வகுப்பு வைப்பார்கள். அந்தச் சில நாளில் ஒரு வருஷப் பாடத்தையும் ஓட்டுவார்கள். அதே நாட்களில் தங்க இடம் தேட வேண்டும், லீவு போட்டதால் சம்பளம் போகும், வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாது. நட்பு எங்கே வரும்?

உங்கள் ஹால் வாரத்தில் ஒரு நாள் திறந்தால் வளாக மாணவர்களுக்குப் போதும். எங்களுக்கு அந்த நேர்முக வகுப்பு நடக்கிற நாட்களில் தினமும் சாயங்காலம் திறந்து வையுங்கள். பழைய கேள்வித்தாள்களை அடுக்கி வையுங்கள். போன வருஷம் அதே பாடத்தைப் பாஸ் பண்ணிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர் பிரசங்கியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சமயத்தில் உதவியவரை நாங்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டோம்.

ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்கலாம் என்று நினைத்தேன்.

பழைய கமாயுட்காரர் எழுதியது:

பெகு தம்பி சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1988 மக்கள் எழுச்சிக்கு அப்புறம் பல்கலைக்கழகங்கள் வருஷக் கணக்கில் மூடிக் கிடந்தன. 1996 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு கமாயுட்டில் நான் படித்த பல்கலைக்கழக வளாகத்தில் இளங்கலை வகுப்புகளையே நிறுத்திவிட்டார்கள், திரும்பத் தொடங்கியது 2013 டிசம்பரில். நடுவில் படித்தவர்களை ஊருக்கு வெளியே தன்லின் பக்கமும் தகோன் பக்கமும் அனுப்பினார்கள், அல்லது தொலைநிலைக் கல்விக்குத் தள்ளினார்கள். காலையில் பஸ் ஏறி வகுப்புக்குப் போய் மத்தியானம் பஸ் ஏறித் திரும்புவதுதான் படிப்பு என்று ஆயிற்று. ஹாஸ்டல் இல்லை, சங்கம் இல்லை, மரத்தடிப் பேச்சு இல்லை. மாணவர்கள் ஒன்றுகூடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஒரு தலைமுறைக்கே கல்லூரி நட்பு என்றால் என்னவென்று தெரியாமல் போய்விட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு 2020 கொரோனா மூடல், 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு என்று மறுபடியும் அதே கதி.

தங்குவது விஷயத்தில் கவனம். ராத்திரி விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும் என்ற சட்டம் 2021-இல் திரும்ப வந்துவிட்டது. சபைக் கட்டடத்தில் யாரையும் தங்க வைக்க வேண்டாம், அது பிள்ளைக்கும் ஆபத்து, சபைக்கும் ஆபத்து. தங்குவதற்குச் சபை வீடுகளில் முறைப்படி பதிந்து இடம் கொடுக்கட்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி யாருமே எழுதவில்லையே. என் மூத்தவள் தன்லின் பக்கம் படிக்கிறாள். கல்லூரி முடிந்தால் நேராக வீடு, அப்படித்தான் வைத்திருக்கிறேன். காலம் அப்படி. அவளுக்குத் தோழிகள் வேண்டும் என்று எனக்கும் தெரியும், அவள் அறையில் தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்களைப் போன்ற அம்மாமார் விட வேண்டும் என்றால் சபையிலிருந்து ஓர் அக்கா வீட்டுக்கு வந்து எங்களோடு பேச வேண்டும். யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்ல வேண்டும். இருட்டுவதற்கு முன்னால் முடித்துவிட்டு, பஸ் ஏறுகிற இடம் வரைக்கும் பிள்ளைகளைக் கூட்டமாகக் கொண்டுபோய்விட வேண்டும். இவ்வளவு செய்தால் நான் என் மகளை அனுப்புவேன், பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையையும் சேர்த்து அனுப்பச் சொல்வேன். அவர்கள் அம்மாவும் என்னை மாதிரிதான்.

சென்னைக்காரன் எழுதியது:

வெளியூரிலிருந்து ஒரு வார்த்தை. என் அப்பா வழித் தாத்தா 1964-இல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர், அதனால் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பேன்.

தமிழ்நாட்டில் கல்லூரிகளில் இ.யூ. என்று மாணவர் ஜெபக்குழுக்கள் உண்டு, 1954-இல் உருவான யூ.இ.எஸ்.ஐ. என்கிற இந்தியக் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தைச் சேர்ந்தவை. நான் அதில் வளர்ந்தவன். அதில் எனக்குப் பிடித்தது, எல்லாப் பொறுப்பும் மாணவர்கள் கையில் இருந்தது. பாடம் எடுப்பதும் மாணவன், ஜெபம் நடத்துவதும் மாணவன், கோபித்துக்கொண்டு போனவனைத் தேடிப் போவதும் மாணவன். சபைப் பெரியவர்கள் கட்டளை போட்டு நடத்தினால் மாணவர்கள் விருந்தாளிகள் மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று, மாணவர் வேலை என்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நன்றாக நடத்திய அண்ணன் பட்டம் வாங்கிப் போன மறு மாதம் குழு படுத்துவிடும். அதனால்தான் படித்து முடித்தவர்களுக்கும் தனியாக ஓர் ஐக்கியம் வைத்து, அவர்கள் ஊரில் இருக்கும் மாணவர்களைத் தாங்கும்படி செய்தார்கள். முதல் வருஷப் பிள்ளைக்கு முதல் மாதமே ஒரு சின்னப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். சாவியை வாங்கி ஹாலைத் திறப்பதாக இருந்தாலும் போதும்.

இன்செயின் மாணவி எழுதியது:

சென்னை அண்ணா சொல்வது சரி, ஆனால் இங்கே ஆள் மாறுவதற்குப் பட்டம் மட்டும் காரணம் இல்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தினார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. எங்கள் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன்மாரில் பலர் இன்று தாய்லாந்தில், மலேசியாவில். சிலர் எங்கே என்றே கேட்கக் கூடாது என்று ஆகிவிட்டது. ஒருவரையே நம்பி எதையும் தொடங்க முடியாது. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஒவ்வொரு பொறுப்பையும் எடுக்க வேண்டும்.

பினாங்கிலிருந்து எழுதியது:

போனவர்களில் நானும் ஒருவன். தொழிற்சாலை வேலை. பெயர் வேண்டாம்.

யாங்கோனில் இருந்தபோது இதே மாதிரி ஒரு சின்னக் குழுவோடு பழகினேன், ஒரு மெதடிஸ்ட் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். கிடார் ஒன்று, பேஜோ என்கிற பருப்புப் பொரிப்பு ஒரு தட்டு, பேச்சு. நான் அங்கே போகத் தொடங்கியபோது சபைக்குப் போவதையே விட்டிருந்தேன், கடவுள் மேல் கோபம், அதை அவர்களிடம் சொன்னேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. கோபமாகவே வந்து உட்கார் என்றார்கள். இங்கே வந்த முதல் மாதம் நான் தூங்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டு, என் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஆளுக்கொரு நாள் போன் செய்தார்கள். அதில் ஒருவர் கிறிஸ்தவரே இல்லை, மொட்டைமாடிக்கு வந்து பழகிய பௌத்த நண்பர். இப்போது இங்கே ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறேன். அந்த ஐந்து பேர் இல்லாவிட்டால் போயிருக்கமாட்டேன்.

கமிட்டியில் கணக்குக் கேட்பார்கள் தங்கச்சி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று. என்னைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஆனாலும் நடத்துங்கள்.

சௌக்தான் தங்கை எழுதியது:

பினாங்கு அண்ணாவின் பதிவைப் போதகர் ஐயாவிடம் போனில் வாசித்தேன். அவரே கமிட்டியில் பேசினார். ஹாலைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள்! வாரம் ஒரு மத்தியானம், இருட்டுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தொலைநிலைக் கல்வி நேர்முக வகுப்பு நாட்களில் தினமும் திறக்கலாம் என்றும் சொன்னார்கள், பெகு தம்பிக்கு நன்றி. பெரிய கூட்டத்தையும் அவர்கள் விடவில்லை, அது கிறிஸ்மஸ் சமயத்தில் தனியாக நடக்கும். சரி, அதுவும் நடக்கட்டும்.

சாவி இரண்டு பேரிடம் இருக்கும், ஒருவர் முதல் வருஷ மாணவி. அம்மாமார் வீடுகளுக்குப் போய்ப் பேச இரண்டு அக்காமார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி நாலு டியூப் லைட்டுக்கும் ஒரு சார்ஜ் பலகைக்கும் தாங்கும் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துச் சொன்னார், ஃபேன் போட முடியாது. வெயில் காலத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் யோசிக்க வேண்டும்.

இப்போது தேவைப்படுவது பழைய கேள்வித்தாள்கள். பொருளாதாரம், பர்மிய இலக்கியம், ஆங்கிலம், சட்டம், எந்தப் பாடமானாலும் பரவாயில்லை. பெரிய அலுமினியச் சட்டி ஒன்றும் வேண்டும், இருக்கிற சட்டி ஞாயிறு பள்ளிக்கே போதவில்லை.

பெகு மாணவன் எழுதியது:

பொருளாதாரம் என்னிடம் கட்டாக இருக்கிறது. சட்டம் என் அறைத் தோழனிடம் இருக்கிறது, அவன் தர மாட்டேன் என்கிறான், நேரில் வந்து உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்கிறான். அவன் பௌத்தன், பரவாயில்லையா என்று கேட்கச் சொன்னான்.

சௌக்தான் தங்கை எழுதியது:

முதல் வாரமே கூட்டி வாருங்கள். இடமும் நேரமும் தனிமடலில் அனுப்புகிறேன்.

பீலிக்கான் பக்தன் எழுதியது:

சட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது, திருவிழா அன்னதானத்துக்கு வாங்கியது. ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கலாம். திருவிழா மாதம் மட்டும் எங்களுக்கு வேண்டும், மற்ற நாளெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். தன்லினிலிருந்து பஸ்ஸில் தூக்கிவர முடியாது, யாராவது மூன்று சக்கர வண்டி கொண்டுவந்தால் நல்லது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

வண்டி என் தம்பியிடம் இருக்கிறது. தம்பி, உங்கள் வீடு எங்கே என்று தனிமடல் போடுங்கள். முதல் வாரத்துக்கு அவித்த பட்டாணியும் வெங்காயமும் என் செலவு.

மட்டறுத்துநர் எழுதியது:

கேள்வித்தாள் கொடுப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் கல்விப் பகுதியில் தனி இழை திறந்திருக்கிறேன். பாடத்தையும் வருஷத்தையும் மட்டும் அங்கே எழுதுங்கள், கல்லூரிப் பெயர் வேண்டாம்.